ஓவர்டைம் இல்லாத தீபாவளி

வாசகர் கேள்வி - பதில்

பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் என்பதால் திருப்பூர்க்காரர்கள் எனக்கு உரிமையோடு எழுதுவார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீபாவளிச் செலவு பற்றித்தான். 2025 அக்டோபர் 20 பண்டிகை. அதற்குள் பயன்பட வேண்டும் என்று மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் ஒரே கம்பெனியில் இருக்கிறோம். அவர் டெய்லர், நான் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் செப்டம்பரிலிருந்து ஒரு ஷிப்ட், அதுவும் வாரத்தில் நான்கு நாள்தான். போன தீபாவளிக்கு 30,000 ரூபாய் செலவானது. இந்த வருடம் இரண்டு பேர் போனஸும் சேர்ந்து 24,000 வரும். "ஊருக்குக் கை வீசிக்கொண்டு போக முடியாது, கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியாவது அதே மாதிரி செய்வோம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகி, அனுப்பர்பாளையம்)

பயப்படுவது சரிதான் அம்மா. உங்கள் கணவர் கேட்பதிலும் தப்பு இல்லை. உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடம் முழுக்க வெளியூரில் உழைத்தவருக்கு, பெற்றவர்கள் முன்னால் துணிப்பையோடு போய் நிற்பது பெரிய விஷயம். அதை அவரிடமிருந்து பிடுங்கிவிடாமல் கணக்குப் போடுவோம்.

முதலில் அட்வான்ஸ் வேண்டாம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தபோது இங்கே ஆர்டர் இளைத்தது. அந்த வருட தீபாவளி அக்டோபர் 27. அட்வான்ஸ் கேட்டு என் மேசை முன்னால் நின்றவர்களை இன்னும் மறக்க முடியவில்லை. கொடுத்தோம். அப்புறம் வாராவாரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தோம். ஓவர்டைம் இருந்தால் அந்தப் பிடித்தம் உறைக்காது. ஒரு ஷிப்ட் சம்பளத்தில் பிடித்தால் கவரில் மிஞ்சுவது மளிகைக்குக் கூடக் காணாது. மளிகைக்கு இன்னொரு இடத்தில் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் பொங்கல் தாண்டியும் நின்றது. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோதும், 2020-ல் ஊரடங்கு முடிந்து வந்த தீபாவளியிலும் இதைத்தான் பார்த்தேன். பண்டிகைக்கு வாங்கிய கடனை அடைப்பது வேலை குறைந்த மாதங்களின் சம்பளம். அதனால்தான் அது தொண்டையைப் பிடிக்கிறது.

வாடகை 5,500 என்று சொல்லியிருக்கிறீர்கள். போனஸ் கைக்கு வந்ததும் நவம்பர், டிசம்பர் வாடகை 11,000 ரூபாயை எடுத்து வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டு அலமாரியில் வைத்தால் நிற்காது. மீதி 13,000. இந்த வருட தீபாவளி அதற்குள்தான். இதை நீங்களாக முடிவு செய்து அவரிடம் சொல்லாதீர்கள், இரண்டு பேரும் ஒரு தாளில் சேர்ந்து எழுதுங்கள்.

நான் எழுதுவதாக இருந்தால் பெரியவர்களில் ஆரம்பிப்பேன். அவருடைய அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி துண்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு செட். நம் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டையில் நிதானமாக ஒரு சுற்று சுற்றினால் பிள்ளைகள் துணியைப் பெரிய ஜவுளிக்கடையை விட நன்றாகக் குறைத்து வாங்கலாம். தையலும் துணியும் பார்த்து எடுக்க உங்களுக்குத் தெரியாததா? எல்லாத் துணிக்கும் சேர்த்து 6,000. ஊர்ப் பயணத்துக்கு அரசு சிறப்புப் பேருந்தில் போய் வர 2,000. ஆம்னி பஸ்ஸில் பண்டிகை நேரத்துக் கட்டணம் உங்கள் கணக்கையே கவிழ்த்துவிடும். பலகாரத்துக்கு எண்ணெய், மாவு, வெல்லம், நெய் என்று 2,000. பட்டாசுக்கு 1,000 போதும். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்க அனுமதி. மீதி 2,000 ரூபாயைப் பிரிக்காமல் அவர் சட்டைப் பையில் வையுங்கள். ஊரில் தங்கச்சி பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கொடுக்க, டீக்கடையில் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்குக் காசு வேண்டும். அது இருந்தால் அட்வான்ஸ் பேச்சு எழாது என்று நினைக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் புதுத்துணி இந்தத் தாளில் இல்லை, கவனித்திருப்பீர்கள். பொங்கலுக்கு ஆர்டர் நிலவரம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பெரியவள் ஏழாவது படிக்கிறாள். அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வருவது ஏன் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அமெரிக்கா வரி போட்டால் எங்கள் அப்பாவுக்கு ஏன் ஓவர்டைம் இல்லை? (பத்தாம் வகுப்பு மாணவி, திருப்பூர்)

நல்ல கேள்வி கண்ணு. நம் ஊரில் தைக்கும் டி-சர்ட்டை விற்கும் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி செலுத்தும் நாள். அதில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரை கடைகளில் கூட்டம் அள்ளும். நமக்கு தீபாவளி மாதிரி அது அவர்களுடைய துணிக்காலம். அந்தச் சரக்கு இங்கிருந்து முன்கூட்டியே கப்பல் ஏறிவிடும். நாம் பண்டிகை கொண்டாடும் நேரத்தில் அவர்களுடைய அடுத்த கோடைக்கான ஆர்டர் வர வேண்டும்.

இந்த வருடம், 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. ஏற்கெனவே இருந்த இறக்குமதி வரிக்கு மேல் இது. 4 டாலர் டி-சர்ட்டுக்கு 2 டாலர் கூடுதல் வரி. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போட்ட கூடுதல் வரி 20 சதவீதம்தான், அதாவது 80 சென்ட். வாங்குகிறவர் எங்கே போவார்? சிலர் அங்கே போகிறார்கள், சிலர் "பொறுங்கள், பார்க்கலாம்" என்று ஆர்டரை நிறுத்தி வைக்கிறார்கள், சிலர் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். எது நடந்தாலும் கம்பெனி முதலில் வெட்டுவது ஓவர்டைமை. உன் அப்பாவின் தொழில் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அவரிடம் நீயே சொல்.

இந்த வருடம் நஷ்டம், அதனால் போனஸ் கிடையாது என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா? (வாசகர், அவிநாசி)

கூடாது. 2025 தீபாவளி போனஸுக்குப் பொருந்தும் 1965-ம் வருட போனஸ் சட்டப்படி தொழிற்சாலைகளிலும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மற்ற இடங்களிலும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாளாவது வேலை செய்திருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. லாபமா நஷ்டமா என்பது இந்தக் குறைந்தபட்சத்துக்குத் தடை இல்லை. அதிகபட்சம் 20 சதவீதம். கணக்குப் போடும் சம்பளம் 7,000 ரூபாய் அல்லது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. 7,000 என்று வைத்தாலே முழு வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வரும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு முதல் ஐந்து வருடம் விதிவிலக்கு உண்டு. உங்கள் கம்பெனி அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்போது தருவது போன மார்ச்சில் முடிந்த கணக்கு வருடத்துக்கான போனஸ். அமெரிக்க வரி வந்தது ஆகஸ்டில். தனியாகப் போய்க் கேட்காமல் நான்கு பேராகப் போய் மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, வாஷிங் மெஷின் வாங்க இதுதான் நேரம் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு குறையும்? (வாசகி, ஈரோடு)

வரியால் ஒரு ரூபாயும் குறையாது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸி மூன்றுக்கும் முன்பும் 18 சதவீதம், இப்போதும் 18. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18-க்கு இறங்கியவை ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, 350 சிசி வரையுள்ள பைக் போன்றவை. வாஷிங் மெஷினில் கடைக்காரர் தள்ளுபடி தந்தால் அது அவர் தரும் தள்ளுபடி. அதற்கு வரியைக் காரணம் காட்டி அவசரப்படுத்த வேண்டியதில்லை.

உங்களுக்கு நிஜமாகப் பயன்படுவது மளிகைப் பட்டியலில் இருக்கிறது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், சாக்லேட் 18-லிருந்து 5 ஆகிவிட்டது. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர், பாதாம் எல்லாம் 12-லிருந்து 5. பழைய விலை போட்ட பாக்கெட்டாக இருந்தாலும் பில்லில் வரி எவ்வளவு என்று பாருங்கள். ரெடிமேட் உடையில் ஒரு எச்சரிக்கை: ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2,600 ரூபாய் ரெடிமேட் சுடிதாரைக் கையில் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகன் 24,000 ரூபாய் போன் கேட்கிறான். வட்டியில்லா தவணை, மாதம் 4,000, ஆறு மாதம். வாங்கலாமா? (வாசகர், கரூர்)

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் இருக்கிறது, அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நீங்கள் இழக்கிறீர்கள். கிரெடிட் கார்டில் போட்டால் வங்கி வட்டி போடும், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்கள் தலையில். 16 சதவீத வட்டி என்று வைத்தால் அந்த வரி மட்டும் 200 ரூபாய்க்குப் பக்கம், அதோடு பரிசீலனைக் கட்டணம். தொகை சின்னதுதான். எனக்குக் கவலை ஏப்ரல் வரை மாதம் 4,000 கட்டாயமாகப் போவது. உங்கள் ஜவுளித் தொழிலிலும் ஏற்றுமதி மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தவணை தவறினால் அபராதம். பழைய போனுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்து ஏப்ரலில் ரொக்கமாக வாங்கலாம் என்று மகனிடம் பேசிப் பாருங்கள்.

மகளுக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். என் கணவர் தறி ஓட்டுகிறார். தண்டல்காரர் 10,000 கடனுக்கு 8,500 கையில் தந்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கேட்கிறார். ஐந்து பங்கு வாங்கலாம் என்று நினைக்கிறேன். (வாசகி, பல்லடம்)

வேண்டாம் அம்மா. ஐந்து பங்கு என்றால் கையில் 42,500. வாரம் 5,000 கட்ட வேண்டும். தறிக் கூலியில் அது எப்படி வரும்? வருட வட்டியாகப் பார்த்தால் 150 சதவீதத்துக்கும் மேல். இந்த 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, அதனால் இவ்வளவு வாங்கியும் செய்கூலி, சேதாரம், வரி சேர்த்து அரைப் பவுன் மோதிரம் முழுதாக வராது. அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும் வாரத்தில் சட்டம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது.

இன்றைக்கே மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பந்தியிடம் போவதற்கு முன்னால் மகளும் மருமகனும் தெரிந்துகொள்ள வேண்டும். "தறி சரியாக ஓடவில்லை, மோதிரம் இப்போது முடியாது, தை மாதத்துக்குப் பிறகு செய்கிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். கூடவே தேதி எதுவும் கொடுத்துவிடாதீர்கள். மருமகன் நல்ல பையன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் அம்மாவிடம் சொன்னால் அந்த வீட்டில் அது எடுபடும். நீங்கள் சொன்னால் பேரமாகிவிடும்.

செய்ய முடிந்ததைக் குறைவில்லாமல் செய்யுங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. மாப்பிள்ளைக்குக் கரை வேட்டி, சட்டை, மகளுக்குக் கைத்தறிச் சேலை. எண்ணெய்க் குளியல், வாழையிலைச் சாப்பாடு, தட்டு நிறையப் பலகாரம். மோதிரம் இல்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். நீங்கள் தலைகுனிய எந்தக் காரணமும் இல்லை. அவசரத்துக்கு என்று வீட்டில் இருக்கும் நகையை இதற்காக அடகு வைக்கவும் வேண்டாம். மார்கழியில் தறி நின்றால் அதுதான் கை கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வருமானம் குறையவில்லை. சுற்றிலும் கஷ்டப்படும்போது தாராளமாகச் செலவு செய்வது உறுத்துகிறது. குறைத்துக்கொள்ளவா? (வாசகர், கோவை)

குறைக்காதீர்கள். கையில் பணம் இருக்கிறவரும் கையைக் கட்டிக்கொண்டால் திருப்பூரில் நின்ற வேலை உங்கள் தெருத் தையல்கடையிலும் நிற்கும். எங்கே செலவு செய்வது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆன்லைனில் நான்கு சட்டை எடுப்பதற்குப் பதிலாக இரண்டு சட்டைக்குத் துணி எடுத்து உங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுங்கள். முறுக்கு, அதிரசம் போட்டு விற்கும் மகளிர் குழுவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், முன்பணமும் கொடுங்கள். மாவு வாங்க அவர்கள் கடன் தேட வேண்டியிருக்காது. வீட்டு வேலைக்கு வருகிறவர், தெருவைப் பெருக்குகிறவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் தீபாவளி இனாமை 19-ம் தேதி ராத்திரி கொடுக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர்களும் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்க நேரம் வேண்டும்.