போட்ட காசுக்காகப் போர்வெல்லை இன்னும் ஆழமாக ஓட்டலாமா?

ஒட்டன்சத்திரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தென்னைக்காக 700 அடி போர் ஓட்டினோம். புழுதிதான் பறந்தது. 1,10,000 ரூபாய் ஆகிவிட்டது. கையில் காசில்லாமல் வண்டியைத் திருப்பி அனுப்பினோம். இப்படியே விட்டால் அத்தனையும் வீண். பக்கத்துத் தோட்டத்தில் 850 அடியில் தண்ணீர் வந்ததாம். கடன் வாங்கி 1,000 அடி வரை போகலாமா?"

ஐயா, அந்த 1,10,000 ரூபாய் தொடர்ந்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் முதல் காரணமாக நிற்பது அதுதான். உளவியலில் இதை மூழ்கிய செலவு மயக்கம் என்கிறோம். இதில் படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமில்லை. அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில், சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 அல்லது 7 டாலர் தள்ளுபடியிலும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும். 1985இல் வெளிவந்த ஆய்வு. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள்.

சரி, பழைய தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். மிச்சம் இருப்பது அடுத்த 300 அடி மட்டும். ஆழம் போகப் போக அடி ரேட் ஸ்லாப் ஸ்லாப்பாக ஏறும். பாறைப் பகுதியில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில். கீழே போகப் போக அவையும் பொதுவாகக் குறையும். கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த வாய்ப்பை வாங்குகிறீர்கள். மோட்டாரும் பைப்பும் கேபிளும் அந்த ஆழத்துக்குத் தனிச் செலவு.

அப்புறம் அந்த 850 அடி. தண்ணீர் வந்த போரை ஊரே பேசும். வறண்ட போரைப் பற்றி யாரும் டீக்கடையில் வாய் திறப்பதில்லை. சுற்றுவட்டத்தில் 700 அடி தாண்டி ஓட்டிய எல்லாரையும் நேரில் பாருங்கள். எத்தனை அடியில் வந்தது, எத்தனை இஞ்ச் தண்ணீர், கோடையிலும் வருகிறதா என்று கேளுங்கள். பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் கிடைத்திருந்தால் கடனைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றிரண்டு என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஓட்டுவதென்றே முடிவானால், நிறுத்த வேண்டிய அடியை முதல் நாளே தாளில் எழுதி, வண்டியருகே நிற்கப்போகும் தம்பியிடமோ மகனிடமோ கொடுத்துவிடுங்கள். நடுராத்திரி கம்ப்ரஸர் இரைச்சலில் "இன்னும் ஒரு ராடு இறக்கிப் பார்ப்போம்" என்று டிரைவர் சொல்லும்போது, முடிவெடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

எது எப்படியோ, இன்றே அந்தக் கேசிங் பைப்பின் வாயை இரும்பு மூடி போட்டு இறுக்கிவிடுங்கள். தோட்டத்துக்குக் குழந்தைகள் வருவார்கள்.