ரங்கூன் அரிசி

வணக்கம் ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியும் ஜப்பானும் அவ்வளவு வேகமாக முன்னேறிவிட்டு ஏன் தோற்றன என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்று தவறுகளைச் சொன்னேன். ஹிட்லர் தன் தளபதிகளின் பேச்சைக் கேட்கவில்லை. ரஷ்யாவின் குளிரைக் கணக்கில் எடுக்கவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட ஜப்பான், இலங்கையைப் பிடிக்காமல் திரும்பிப் போனது. இந்த மூன்றும் நடக்காமல் இருந்திருந்தால் அவர்கள் ஜெயித்திருப்பார்கள்தானே? நேதாஜியின் படையும் இம்பாலைத் தாண்டியிருக்கும்தானே? உங்கள் கருத்தை அறிய ஆவல். பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நானுஓயா ஸ்டேஷனில் வைத்துப் படித்தேன். பதுளை ரயில் பிந்தி வரும் என்றார்கள். என் தாத்தா மூட்டை தூக்கிய இடம் அது. கொஞ்ச நாளாகவே அவரையும் அவர் தம்பியையும் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

தளபதிகள் பேச்சு என்கிற காரணத்தை விட்டுவிடுங்கள். போர் முடிந்தபின் அந்தத் தளபதிகளே உட்கார்ந்து நினைவுக்குறிப்புகள் எழுதினார்கள். எல்லாப் பழியையும் செத்துப்போன ஹிட்லரின் தலையில் கட்டினார்கள். சில வாரங்களில் சோவியத் படையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டதில் அவர்களுக்கும் முழுப் பங்கு உண்டு. நேதாஜி பற்றி இன்னொரு நாள் பேசுவோம். அதை இரண்டு வரியில் சொல்ல எனக்கு மனமில்லை.

குளிரை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். ஜேர்மனி சோவியத் நாட்டுக்குள் நுழைந்தது 1941 ஜூன் 22ஆம் தேதி. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், கூடவே சுமார் 6 லட்சம் குதிரைகள். படங்களில் டாங்கிதான் தெரியும், ஆனால் அந்தப் படையின் பாரத்தில் பெரும்பகுதியை இழுத்தவை குதிரைகள். ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஜேர்மன் தரைப்படைப் பொதுப் பணியகத்தின் தலைவர் ஹால்டர் தன் நாட்குறிப்பில் எழுதினார்: எதிரியிடம் 200 டிவிஷன் படை இருக்கும் என்று நினைத்தோம், இப்போதே 360 எண்ணியாயிற்று என்று. ஆகஸ்ட் மாதம், தம்பி. பனி விழ இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. கணக்கு பிழைத்தது வெயில் காலத்தில்.

அப்புறம் சிப்பாய்கள் குளிருடுப்பு இல்லாமல் விறைத்தார்கள். அது உண்மை. ஆனால் உடுப்பில் நிறையப் பின்னால் போலந்துப் பக்கத்துக் கிடங்குகளில் கிடந்தது. ஓடிய கொஞ்சநஞ்ச ரயிலில் வெடிமருந்தும் எரிபொருளும் போயின, உடுப்புக்கு இடமில்லை. ஜேர்மன் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ரஷ்யத் தண்டவாளம் 1,524. இந்த 89 மில்லிமீட்டரைப் புத்தகங்களில் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். நானுஓயாக்காரனால் அப்படித் தாண்ட முடியாது.

கொழும்பிலிருந்து வரும் ரயில் 1,676 மில்லிமீட்டர் பாதை. அந்தக் காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. அதன் அகலம் 762. பெரிய வண்டியில் வந்த அரிசி மூட்டை, உரம், சாமான் எல்லாவற்றையும் ஆள் தூக்கித்தான் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து வரும் தேயிலைப் பெட்டியையும் அப்படியே. மழையென்றால் அரிசி நனையும். ஆள் குறைந்தால் சாமான் மலைபோல் தேங்கும், பின்னால் வருகிற வண்டிக்கு நிற்க இடமிருக்காது. “அகலம் மாறுற எடத்துல தொரை சாமானும் காத்துக் கெடக்கும், கூலி சாமானும் காத்துக் கெடக்கும்” என்பார் தாத்தா. ஒரு கந்தப்பளைக்கே அந்தப் பாடு. மாஸ்கோவுக்கு 1,000 கிலோமீட்டர். ஜேர்மன்காரர்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே நகர்த்தி அடித்துக்கொண்டே போனார்கள். ரஷ்ய எஞ்சின் பெரிது, அதிக தூரம் ஓடித்தான் தண்ணீர் பிடிக்கும். அதனால் தண்ணீர்த் தொட்டிகள் தூரத் தூரமாக இருந்தன. ஜேர்மன் எஞ்சினுக்கு நடுவில் புதிதாகத் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் முன்பே தெரியாத ரகசியங்கள் கிடையாது. சண்டை சீக்கிரம் முடிந்துவிடும், அதற்குள் இது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அவர்கள் சோற்றைப் பற்றியும் யோசித்தார்கள், நன்றாகவே யோசித்தார்கள். படைக்கு வேண்டிய உணவைப் பிடித்த நிலத்திலிருந்து பிடுங்கிக்கொள்வது என்று 1941 மே மாதத்திலேயே முடிவெடுத்தார்கள். ஹெர்பர்ட் பாக்கே என்ற உணவுத்துறை அதிகாரி அதற்கு முன்னால் நின்றவர். அப்படிப் பிடுங்கினால் அந்த நாட்டில் கோடிக்கணக்கான பேர் பட்டினி கிடந்து சாவார்கள் என்பதையும் தெரிந்தே எழுதி வைத்தார்கள். உக்ரைனில் சில ஊர்களில் சனங்கள் ரொட்டியும் உப்பும் கொடுத்து ஜேர்மன் படையை வரவேற்றிருக்கிறார்கள். அந்தச் சனங்களின் வீட்டுத் தானியத்தைத்தான் அள்ளினார்கள். பெலாரஸ் காடுகளில் கெரில்லாக்கள் பெருகி, இவர்கள் பாடுபட்டு மாற்றியடித்த அதே தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டார்கள். கொடுமை வேறு, யுத்த தந்திரத்தில் செய்த பிழை வேறு என்று வகுப்பில் இரண்டாகப் பிரித்துப் படிப்பிக்காதீர்கள். அடுத்தவன் வயிற்றை எண்ணத் தேவையில்லை என்று வைத்த கணக்கில்தான் எல்லாம் பிழைத்தது.

ஜப்பான் இலங்கையைப் பிடித்திருந்தால்? கடற்படையில் சிலர் அப்படித் திட்டம் போட்டார்கள். தரைப்படை ஆள் தர மறுத்தது. அதன் பெரும்பகுதி சீனாவிலும் மஞ்சூரியாவிலும் சிக்கிக் கிடந்தது. சரி, பிடித்தார்கள் என்றே வைப்போம். யார் சோறு போடுவது? அன்றைக்கு இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, முக்கியமாக பர்மாவிலிருந்து.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பாயி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது. தோட்டத்தில் அரிசி குறைந்து, கோதுமை மா கொடுக்கத் தொடங்கினார்கள். அப்பாயிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் நாள் கூழாகக் கிண்டியிருக்கிறார். பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்களாம். பிறகு லயத்தில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் ரொட்டி தட்டப் பழகினார்கள். சோறு எங்கே என்று பிள்ளைகள் அழுதால் “ரங்கூன் போச்சுடா” என்பாராம். எனக்கு விவரம் தெரிந்த காலத்திலும், மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் சீனி தீர்ந்தாலும் அப்பாயிக்கு ரங்கூன் போச்சுதான்.

அந்த அரிசி எங்கே போனது? யுத்தத்துக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசியை வெளியே அனுப்பியது. பிடித்தவனிடம் அதை ஏற்றக் கப்பல் இல்லை. இருந்த கப்பல்களையும் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. சரக்குக் கப்பலுக்குக் காவல் போடத் தனித் தலைமையகம் ஒன்றை ஜப்பான் அமைத்ததே 1943 நவம்பரில்தான். வாங்க ஆளில்லாமல் பர்மா விவசாயி பயிர் வைப்பதைக் குறைத்தான். 1943இல் வங்காளம் பட்டினியில் செத்ததற்கு அந்த அரிசி வராததும் ஒரு காரணம். பிரிட்டிஷ் அரசின் குற்றம் அதற்கு மேல் இருக்கிறது, அது பெரிய குற்றம்.

1944 மார்ச்சில் அதே பர்மாவிலிருந்துதான் இந்தியாவின் வடகிழக்கில் இருக்கும் இம்பாலுக்கு ஜப்பான் படை கிளம்பியது. தளபதி முட்டகுச்சி ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாட்டோடு அனுப்பினார். மிச்சத்தை பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துத் தின்னலாம் என்பது திட்டம். கூட ஓட்டிப் போன மாடுகள் சிந்த்வின் ஆற்றிலும் மலைப்பாதையிலும் விழுந்து செத்தன. எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தன் படைக்கு விமானத்தில் அரிசியும் மாவும் இறக்கிக்கொண்டிருந்தார். இம்பாலுக்கு வடக்கே கொஹிமாவில் இருந்த சாட்டோ என்ற ஜப்பான் தளபதி அரிசி கேட்டுக் கேட்டுப் பார்த்தார். வரவில்லை. உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பி அழைத்துப் போனார். சுமார் 85,000 பேர் போனதில் 30,000 பேரளவில் இறந்தார்கள், பெரும்பாலோர் பசியிலும் நோயிலும். உலகத்திலேயே அதிகமாக அரிசி விற்ற நாட்டைக் கையில் வைத்திருந்த படை அது. அந்த நாட்களில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்தது. பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போகும்போது இதையும் சொல்லுங்கள்.

இனி தாத்தாவின் தம்பி. சின்னத் தாத்தாவைக் கங்காணி மலாயாவுக்குக் கூட்டிப் போனான். தாத்தா இங்கே வந்தார். தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று இவருக்குச் சொன்னார்கள், இரப்பர் மரத்தைப் பற்றி அவருக்கும் அப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். 1941 கடைசி வரை பேராக்கிலிருந்து கடுதாசி வந்தது. பிறகு வரவில்லை. யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, மலாயாவிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒருவர் சொன்ன செய்தி இங்கே வந்தது. சயாம் ரயிலுக்குப் பிடித்துப் போனார்களாம்.

கடல் வழியில் கப்பல் போக முடியவில்லை என்பதால், பர்மாவில் இருந்த படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பான் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குக் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கற்களில் பெயர் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். வாந்திபேதியில், அரைவயிற்றுச் சோற்றில், மழையில் செத்தார்கள். பெரும்பாலோருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை. ஒரு நாளைக்கு 3,000 டன் சாமான் போகும் என்று போட்ட திட்டத்தை, பாதை முடியும் முன்பே 1,000 டன்னாகக் குறைத்தார்கள். ஏன் என்று நானுஓயாவில் மூட்டை தூக்கியவன் சொல்லுவான். பசித்தவன் அடித்த ஆணி பாரம் தாங்காது.

“ஜெயித்திருப்பார்கள்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தானே’ எனக்கு வலித்தது, தம்பி. எந்த ஆசையில் அதை எழுதினீர்கள்? அவர்கள் ஜெயிப்பதற்கு நீங்கள் வழி தேடிக் கொடுக்கிறீர்களா? பலகையில் அம்புக்குறி போட்டு, இப்படிப் போயிருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று காட்டுவது எளிது. அந்த அம்புக்குறிக்குக் கீழே கொழுந்துக் கூடையும் பால்வாளியும் தூக்கிய நம் ஆட்கள் கிடக்கிறார்கள். நீங்களும் லயத்துப் பிள்ளைதான். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

கோபத்தில் எழுதவில்லை. தோட்டத்துப் பாடசாலையில் நின்று, பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைக்கும் ஆசிரியர் நீங்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

சின்னத் தாத்தா செத்த நாள் தெரியாது. அதனால் திதி கொடுக்க முடியவில்லை. ஆடி அமாவாசையில் தாத்தா ஒரு இலை கூடப் போடுவார். அந்த இலைக்கு மட்டும் அப்பாயியைப் பரிமாற விடமாட்டார். தானே குனிந்து சோறு அள்ளி வைப்பார், இலை நிறைய.

உங்கள் வகுப்பில் யார் வீட்டிலாவது அப்படி மலாயாவுக்குப் போனவர்கள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.