போனில் வீடியோ சேமிப்பது: ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

சென்னை ரிச்சி தெருவில் பதினெட்டு வருடம் செல்போன் சர்வீஸ் பார்த்தேன். இப்போது வில்லிவாக்கத்தில் சொந்தக் கடை. போன வாரம் மட்டும் மூன்று போன்கள் ஒரே கோளாறோடு வந்தன. மூன்றிலும் வீடியோ இறக்குவதற்கென்று எங்கிருந்தோ ஒரு ஆப்பைப் போட்டிருந்தார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். நாம் பேசப்போவது சொந்தமாகப் பார்க்கச் சேமிப்பதைப் பற்றி மட்டும். அடுத்தவர் வீடியோவைத் தன் சேனலில் போட வழி கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை.

கேள்வி (தாம்பரம், அலுவலக ஊழியர்): தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில். வழியில் நெட் விட்டு விட்டு வருகிறது. யூடியூப் வீடியோவை வீட்டிலேயே இறக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். வேறு எந்த ஆப்பும் வேண்டாம். யூடியூப் ஆப்பிலேயே வீடியோவுக்குக் கீழே டவுன்லோடு பட்டன் இருக்கிறது. இந்தியாவில் இந்த வசதி 2014-லேயே வந்துவிட்டது. பல வீடியோக்களுக்குக் காசு கட்டாமலே வேலை செய்யும், சிலவற்றுக்குச் செய்யாது. இரவு வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டுக் காலையில் ரயிலில் பாருங்கள். 360பி தரம் போதும், சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இப்படி இறக்கியது கேலரியில் வராது, யாருக்கும் அனுப்பவும் முடியாது, அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும். அப்புறம், அவ்வப்போது நெட்டைப் போட்டு ஆப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடாமல் நின்றுவிடும். வீடியோவைப் போட்டவர் அதை நீக்கிவிட்டால் உங்கள் போனில் இறக்கியதும் போய்விடும்.

கேள்வி (அயனாவரம்): வீடியோ டவுன்லோடு பண்ண எந்த ஆப் நல்லது?

இதற்கு விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்று வந்த கேள்விகளில் பாதி இதுதான்.

யூடியூபிலிருந்து வீடியோ இறக்கித் தரும் ஆப்களை ப்ளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால் அவை எல்லாம் வெளியிலிருந்து ஏபிகே கோப்பாகத்தான் வரும், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேராகப் போனில் போடும் ஆப் கோப்பு. ஏபிகே எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல பெயர் எடுத்த ஒன்றுக்குப் பத்து போலிகள் அதே பெயரில், அதே சின்னத்தில் திரிகின்றன. தேடினால் முதலில் வருவது அசலா போலியா என்று கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடிக்கிறது.

அனுமதி கேட்கும்போது கவனியுங்கள். வீடியோவைச் சேமிக்க ஸ்டோரேஜ் மட்டும் போதும். எஸ்எம்எஸ் படிக்க ஏன் கேட்கிறது? ஓடிபி வருவது அங்கேதான். அக்சசிபிலிட்டி ஏன் கேட்கிறது? பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வந்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் இருப்பதை அந்த ஆப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். போன வாரம் வந்த மூன்று பேரில் ஒருவர் ஆட்டோ ஓட்டுநர். பேத்திக்குக் கார்ட்டூன் இறக்கத்தான் அந்த ஆப்பைப் போட்டார். வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு தடவை பணம் போன பிறகுதான் கடைக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பணம் போனால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், கடைக்கு வருவது அதற்கு அப்புறம். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி (வடபழனி, கல்யாண வீடியோகிராபர்): என் சொந்தச் சேனலில் போட்ட வீடியோக்கள்தான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஒரு இணையதளம் வழியாக 1080பி-யில் எடுத்தேன், படம் வருகிறது, சத்தமே இல்லை. ஏன்?

நல்ல கேள்வி. உங்கள் கோப்பு கெடவில்லை. உயர்ந்த தரத்தில் யூடியூப் படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பாக வைப்பதில்லை. படம் தனி, ஒலி தனி. ஒரே படம் 144பி, 360பி, 720பி, 1080பி என்று பல தரங்களில், சில நொடித் துண்டுகளாகக் காத்திருக்கும். நெட் வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் அனுப்பும், கூடினால் ஏற்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மங்கித் தெளிவது இதனால்தான். ஒலியை ஒவ்வொரு தரத்தோடும் ஒட்டி வைத்தால் வீணாக இடம் பிடிக்கும், அதனால் பிரித்துவிட்டார்கள். ஆப்பில் இரண்டும் சேர்ந்து ஓடும். நீங்கள் பயன்படுத்திய தளம் படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அண்ணா, உங்கள் சொந்த வீடியோவுக்கு அந்தத் தளமே தேவையில்லை. கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் டவுன்லோடு இருக்கிறது. அதில் தரம் 720பி-யோடு நின்றுவிடும். நம் கணக்கில் இருப்பதையெல்லாம் மொத்தமாக எடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட்டில் யூடியூபை மட்டும் தேர்வு செய்து கேட்டால் எல்லா வீடியோவும் மொத்தமாக வரும், தரமும் இதைவிட நன்றாக இருக்கும். கல்யாண வீடியோ என்றால் பல ஜிபி ஆகும், தயாராக நேரமும் எடுக்கும். பொறுமையாக இருங்கள்.

கேள்வி (திருவொற்றியூர், பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்): பாட வீடியோக்களை இறக்க எந்த ஆப் போடலாம்?

பாடப் புத்தகத்தையே எடுங்கள் அம்மா. அதில் க்யூஆர் கோடு இருக்கும். திக்ஷா ஆப்பை ப்ளே ஸ்டோரிலிருந்து போட்டு அந்தக் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், அங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மூத்த பிள்ளை பொறியியல் படித்தால் என்பிடெல் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, நம் கிண்டி ஐஐடிதான் ஒருங்கிணைக்கிறது. பாட வீடியோவை இறக்க அவர்களே வழி கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பவரே கையில் தரும்போது வேறு கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கேள்வி (கொளத்தூர்): எந்த ஆப் சிறந்தது?

அயனாவரத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர், இசை ரசிகை): ஒரு பெரியவரின் மார்கழிக் கச்சேரி யூடியூபில் இருந்தது. நெட் இல்லாதபோதும் கேட்கலாம் என்று ஒரு பிரதி சேமித்து வைத்திருந்தேன். அவர் மறைந்த அடுத்த வருடம் அந்தச் சேனலே காணாமல் போனது. இப்போது எங்கள் குழுவில் இருநூறு பேர் அதைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? நான் வைத்திருந்தது தப்பா?

இதற்கு நான் பதில் எழுதும் முன்பே, கேள்வியைப் பார்த்த ஒரு மிருதங்கக் கலைஞர் எழுதிவிட்டார்: "ரசிகர்கள் சேமித்து சேமித்துக் குழுக்களில் சுற்றவிட்டதில்தான் எங்கள் சி.டி.க்கள் விற்காமல் போயின. பாசம் என்று சொல்லிக்கொண்டு எடுத்துக்கொள்கிறீர்கள்." மயிலாப்பூர் அம்மா விடவில்லை: "நாங்கள் சேமிக்காவிட்டால் அவர் பாடிய அந்தக் கல்யாணி ராகம் உலகத்திலேயே இருந்திருக்காது. உங்கள் தரப்பில் யார் காப்பாற்றினார்கள்?" அதன் பிறகு ஆப் கேள்விகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் இதற்குள் வந்துவிட்டார்கள். வரட்டும், இது பேச வேண்டிய விஷயம்தான்.

நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கொள்வதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் தவிர மற்ற எல்லாப் படைப்புகளுக்கும் அது விரிந்தது. கலைஞர்களுக்கென்று தனி உரிமையும் இருக்கிறது. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த வருடத்திலிருந்து 50 வருடம் அது நீடிக்கும். அதிலும் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதற்கு 39ஆவது பிரிவு விலக்கு தருகிறது. யூடியூபின் விதிகள் தனி. அவர்கள் கொடுக்கும் பட்டன் தவிர வேறு வழியில் இறக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. விதியை மீறுவதும் சட்டத்தை மீறுவதும் ஒன்றல்ல, ஆனாலும் விதி இருக்கிறது என்று தெரிந்துதான் செய்ய வேண்டும்.

ஆகவே அம்மா, உங்கள் வீட்டில் நீங்கள் கேட்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. இருநூறு பேருக்கு அனுப்புவது சொந்த உபயோகம் ஆகாது. அந்த இடத்தில் மிருதங்கக்காரர் சொல்வதுதான் சரி.

அவர் மறுபடி எழுதினார்: "அப்படியானால் அந்தப் பதிவு செத்துப்போக வேண்டுமா என்று என்னையே கேட்பார்கள். நானும் அதை விரும்பவில்லை. எங்கள் அப்பா வாசித்த கச்சேரிகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை."

இதைப் படித்தபோது என் வீடுதான் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் எங்கள் குடும்பத்தின் பத்து வருடம் இருந்தது. ஊரார் டிஸ்க்கையெல்லாம் சரிசெய்தவன் நான். அதைச் சரிசெய்ய முடியவில்லை. அதனால் ஒரே பிரதியை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் எனக்குப் பதற்றம் வந்துவிடும்.

நான் சொல்லும் வழி இது. அம்மா, அந்தப் பெரியவரின் குடும்பத்தைத் தேடுங்கள். மயிலாப்பூரில் இரண்டு பேரிடம் கேட்டால் மூன்றாமவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுங்கள். குழுவில் போடலாமா என்று அங்கேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் பிரதி இரண்டு வீட்டில் இருக்கும், ஒரு வீட்டில் தண்ணீர் வந்தாலும் மற்றதில் பாடிக்கொண்டிருக்கும். மிருதங்கக்காரர் இதை ஒப்புக்கொண்டார். அம்மா, "கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்றார். அந்தப் பயத்தோடு போய்க் கேட்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி (ராயபுரம், கல்லூரி மாணவர்): அண்ணா, ஓடிடி படத்தை ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ணினால் கருப்பாக வருகிறது.

அப்படித்தான் வரும் தம்பி. பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டை உடைத்துப் பதிப்புரிமையை மீறினால் இரண்டு வருடம் வரை சிறை என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு சொல்கிறது. அந்த ஆப்பிலேயே டவுன்லோடு இருக்கும், அதில் பார்.

கேள்வி (அம்பத்தூர்): வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோவை எடுக்க ஆப் வேண்டும்.

ஆப் வேண்டாம். ஆண்ட்ராய்டில் நீங்கள் பார்த்த ஸ்டேட்டஸ் போனிலேயே மறைவான ஒரு ஃபோல்டரில் கொஞ்ச நேரம் இருக்கும். ஃபைல்ஸ் ஆப்பில் மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை ஆன் செய்து, வாட்ஸ்அப் மீடியாவுக்குள் ஸ்டேட்டஸஸ் என்பதைத் திறந்து, வேண்டியதை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் போய்விடும். அதைவிட, போட்டவரிடம் "அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்பது சுலபம்.

கேள்வி (போரூர்): 64 ஜிபி பென் டிரைவில் இடம் இருக்கிறது, ஆனால் 5 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது.

டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி (மாதவரம், ஆவடி, பல்லாவரம்): நல்ல டவுன்லோடு ஆப் எது?

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லிங்கில் வரும் ஏபிகேவைப் போடாதீர்கள். எஸ்எம்எஸ் அனுமதி கொடுக்காதீர்கள். வங்கி ஆப் இருக்கும் போனில் சோதனை வேண்டாம்.

கேள்வி (வியாசர்பாடி): போன மாதம் அம்மா இறந்துவிட்டார். அக்கா எடுத்த ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது, மங்கலாக இருக்கிறது. அதைத் தெளிவாக்க முடியுமா?

வருந்துகிறேன் தம்பி. வந்த கோப்பைத் தெளிவாக்க முடியாது, அனுப்பும்போதே வாட்ஸ்அப் சுருக்கிவிட்டது. ஆனால் அக்காவின் போனில் அசல் இருக்கும். கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பாமல், டாக்குமெண்ட் என்பதைத் தொட்டு அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் அப்படியே வரும். வந்ததும் உங்கள் போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அக்காவும் அசலை அழிக்க வேண்டாம். பென் டிரைவை மேல் அலமாரியில் வையுங்கள். இன்று இரவே அக்காவைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள், அவர் போனை மாற்றுவதற்குள்.