நல்லவர்கள் மறுத்த பிறகு

அன்புள்ள சார்,

2022 அமெரிக்க செனட் தேர்தலில் ஜெயிக்கக்கூடிய மாநிலங்களில்கூடக் குடியரசுக் கட்சி பலவீனமான வேட்பாளர்களை நிறுத்தித் தோற்றது. பணத்துக்கும் கருத்துக்கணிப்புக்கும் குறைவில்லாத கட்சிக்கு நல்ல ஆள் ஏன் கிடைப்பதில்லை? மக்கள் கட்சிக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள், ஆள் யாராக இருந்தால் என்ன என்ற அலட்சியமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆள் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்றால் ஜார்ஜியாவில் நடந்ததற்கு விளக்கமே கிடையாது. ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கவர்னர் பதவிக்கு நின்ற பிரையன் கெம்ப் 7 சதவீதத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயிக்கிறார், அதே கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கர் அவரைவிடச் சுமார் 2 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கி, டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் தோற்கிறார்.

சரி, நல்ல ஆள் ஏன் கிடைக்கவில்லை? நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். கவர்னர் கிறிஸ் சுனூனு செனட்டுக்கு நிற்பார் என்று கட்சி மேலிடம் அவரையே நம்பிக் காத்திருந்தது, 2021 நவம்பரில் அவர் மாட்டேன் என்றுவிட்டார். அரிசோனா கவர்னர் டக் டூசியும் அப்படித்தான் மறுத்தார். ஒரு மாநிலத்தையே நிர்வகிக்கிறவர் 100 பேரில் ஒருவராகப் போய் உட்கார எளிதில் சம்மதிப்பாரா? நியூ ஹாம்ப்ஷயரில் சுனூனு விட்ட காலியிடத்தில் வந்து நின்றவர் டான் பால்டக், 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப்தான் ஜெயித்தார் என்று பேசிவந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல். அமெரிக்காவில் மேலிடம் கூப்பிட்டு சீட் கொடுத்துவிட முடியாது, உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், அதுவும் நியூ ஹாம்ப்ஷயரில் செப்டம்பர் 13-ல், நவம்பர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது. கடைசி நாட்களில் சுனூனு, அதே உட்கட்சித் தேர்தலில் நின்ற சக் மோர்ஸ் என்பவரை ஆதரித்துப் பார்த்தார். ஜனநாயகக் கட்சி ஆதரவுக் குழு ஒன்றோ மோர்ஸுக்கு எதிராகப் பணத்தைக் கொட்டியது, தங்களுக்கு எளிதான எதிராளி யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பால்டக் ஜெயித்தார், சில நாட்களிலேயே தன் பேச்சை மாற்றிக்கொண்டார், நவம்பரில் சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். அதே நாளில் சுனூனு சுமார் 15 சதவீத வித்தியாசத்தில் மறுபடியும் கவர்னர்!

வேட்பாளர்களின் தரம் குறித்து, அப்போது செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் வாய் திறந்தது அந்த வருடம் ஆகஸ்ட்டில். ஆகஸ்ட்டில் பேசி என்ன பயன்? ஒன்றரை வருடம் முன்பே வீடு தேடிப்போய் ஆளைச் சம்மதிக்க வைத்திருக்க வேண்டும், அவர் மறுத்தால் அடுத்து யார் என்பதும் கையில் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரே பெரிய பெயரை நம்பிக்கொண்டு, மாநிலச் சட்டமன்றங்களில் நல்லபடியாக வேலை செய்கிறவர்களைப் பெரிய தேர்தலுக்குத் தயார்செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

பென்சில்வேனியாவில் செனட் சீட்டுக்கான 2022 உட்கட்சித் தேர்தலில் 1,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில், டிவி டாக்டர் மெஹ்மத் ஆஸிடம் தோற்றவர் டேவ் மெக்கார்மிக். நவம்பரில் ஆஸ் தோற்றுப்போனார். அப்புறம் 2024-க்கு மெக்கார்மிக்கைக் கட்சி முன்கூட்டியே சம்மதிக்க வைத்து, உட்கட்சிப் போட்டியே இல்லாமல் நிறுத்தியது, மயிரிழையில் ஜெயித்தார். அதிபர் தேர்தலும் சேர்ந்து வந்த வருடம் அது, டிரம்ப் அந்த மாநிலத்தை வென்றதும் அவருக்குக் கைகொடுத்தது.

அன்புடன்