சலுகை இருக்கட்டும், ஆர்.சி. இப்போது யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2008-ல் என் பெயரில் வாங்கிய பெட்ரோல் காரை, 2023-ல் 5,000 ரூபாய் கட்டணம் கட்டி மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். பழைய வண்டியை உடைக்க (ஸ்கிராப்) ஒப்படைத்துப் புதிது வாங்கினால் அரசு சலுகை உண்டு என்று செய்திகளில் வந்ததை நம்பி, 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன்பு அதை ஷோரூமில் கொடுத்துவிட்டு 9 லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் எடுத்தேன். ஸ்கிராப் போனஸ் 5 சதவீதம், சாலை வரியில் 25 சதவீதம் என்று சுமார் 74,000 ரூபாய் கைக்கு வரும் என விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார். பழைய காருக்கு 35,000 ரூபாய் கழித்ததோடு சரி, வேறு எதுவும் வரவில்லை. ஷோரூம் அரசைக் கைகாட்டுகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகம் ஷோரூமைக் கைகாட்டுகிறது. இந்த வயதில் என்னை இப்படி அலைய விட்டதற்கு மத்திய, மாநில அரசுகள் மீது வழக்குப் போட முடியுமா? மேலும், போன மாதம் அந்தப் பழைய கார் வேறொரு மாவட்டத்தில் அதிவேகமாகப் போனதாக என் செல்போனுக்கு இ-சலான் வந்தது. அதையும் நான்தான் கட்ட வேண்டுமா?

பதில்: அம்மா, "மேலும்" என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்களே, அந்த சலான்தான் உங்கள் பிரச்சினை. நீங்கள் கொடுத்த கார் உடைக்கப்படவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் உங்கள் பெயரில் ஓடுகிறது. 74,000 ரூபாய் வராததால் உங்களுக்கு நஷ்டம் 74,000-தான். அந்த வண்டி நாளை ஒருவர் மீது மோதினால் வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போது யாராலும் தொகை சொல்ல முடியாது.

அரசு மீது வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 5 சதவீதத் தள்ளுபடி என்பது 2021 மார்ச்சில் மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கையை விளக்கியபோது, கார் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்படும் என்று சொன்னது. அறிவுறுத்தல் சட்டமாகாது, அதை வைத்து நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிவித்ததும் காரின் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. உங்கள் காருக்கு அது 13,500 ரூபாய். அதிலும் ஸ்கிராப் தள்ளுபடி வாங்கினால் எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி கிடையாது. சாலை வரிச் சலுகைக்கு மத்திய மோட்டார் வாகன விதி உண்டு, ஆனால் அந்த விதி சொல்வது "25 சதவீதம் வரை". வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சலுகையைக் கேட்பதானாலும் வண்டியை உடைக்கப் பெற்றுக்கொண்டதற்குப் பதிவுபெற்ற ஸ்கிராப்பிங் மையம் தரும் வைப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை, இருக்கவும் முடியாது. 2028 வரை பதிவு செல்லும் ஓடும் நிலைக் காரை எந்த வியாபாரியும் இரும்பு விலைக்கு உடைக்க அனுப்பமாட்டார். 35,000-க்கு எடுத்ததைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றியிருப்பார்கள். "ஸ்கிராப்" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, செய்தது சாதாரண எக்ஸ்சேஞ்ச்.

இதற்கு மேல் சலுகையைப் பற்றி யோசிக்க வேண்டாம். இனி ஆபத்தைப் பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். சாவியைக் கொடுத்தேன், பணம் வாங்கினேன், டெலிவரி நோட் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதில் முதல் உரிமையாளர் 2007-லேயே காரை விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் போய் 2009-ல் விபத்தானது. பதிவேட்டில் பெயர் மாறவே இல்லை. வண்டி கைமாறிய தடத்தைப் பாதிக்கப்பட்டவர் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவு உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்த மனிதரும் உங்களைப் போல உண்மையாகவே விற்றவர்தான்.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சிக்குவது இங்கேதான். பழைய வண்டியைக் கொடுத்த மகிழ்ச்சியில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும் புரோக்கர் தன் பெயருக்கு மாற்றமாட்டார். மாற்றினால் கட்டணம், அடுத்து விற்கும்போது ஆர்.சி.யில் இன்னொரு கை கூடிவிட்டது என்று விலையும் குறையும். அந்தப் படிவங்கள் கையெழுத்தோடு ஊர் ஊராகப் போகும். நடுவில் ஒருநாள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வரும். "நான் எப்போதோ விற்றுவிட்டேனே" என்று அதை எடுத்து வைத்துவிட்டு ஆஜராகாமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக உத்தரவாகும். பிறகு தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால், நில வருவாய் பாக்கியைப் போலவே அந்தத் தொகை வசூலாகும். உங்கள் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது, ஆனால் உங்கள் பெயரில் வீடு இருந்தால் அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு கேள்வி கேட்கிறேன், உண்மையான பதிலை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். புதுக் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது பழைய பாலிசியின் நோ கிளெய்ம் போனஸை, அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடியை, மாற்றிக்கொண்டீர்களா? ஷோரூமே இதைச் செய்து தரும், பலருக்கு நினைவுகூட இருக்காது. அப்படிச் செய்திருந்தால் பழைய பாலிசி ரத்தாகியிருக்கலாம். ரத்தாகாவிட்டாலும் இதற்குள் காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம். இன்சூரன்ஸ் இருக்கும் வண்டி என்றால் இழப்பீட்டை நிறுவனம் தரும். இல்லாத வண்டி என்றால் முழுத் தொகைக்கும் ஓட்டியவரோடு உங்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஓட்டியவரிடம் ஒன்றும் இருக்காது.

ஆகவே இன்றே பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் (சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கலாம்), இன்சூரன்ஸ் தேதி இரண்டும் தெரியும். பெயர் உங்களுடையதாகவும் இன்சூரன்ஸ் முடிந்தும் இருந்தால், மற்ற எதையும் செய்வதற்கு முன் விபத்தில் பாதிக்கப்படும் மற்றவருக்கு இழப்பீடு தரும் தேர்டு பார்ட்டி பாலிசியை எடுத்துவிடுங்கள். ஆயிரம் சிசிக்குக் கீழான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வண்டி ஒப்படைக்கப்பட்டுவிட்டது, பெயர் மாற்றம் நிலுவையில் இருக்கிறது என்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தே எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் கைவிடும். கொடுத்த வண்டிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கோபம் வரும். கட்டுங்கள் அம்மா, பிறகு ஷோரூமிடம் வாங்கித் தருவது வக்கீலின் வேலை.

சலானைப் பேசாமல் கட்டிவிடாதீர்கள், கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். வண்டியை யார் ஓட்டினார் என்ற தகவலைக் காவல்துறை கேட்டால் தர வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. இந்தத் தேதியில் இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று டெலிவரி நோட் நகலோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள். அதே விவரத்தை உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும், அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் அனுப்புங்கள். இதனால் உங்கள் பொறுப்பு முழுதாக நீங்கிவிடாது, ஏனென்றால் நீங்குவது பெயர் மாறும்போதுதான். ஆனால் நாளை ஏதாவது குற்றத்தில் அந்த வண்டி சிக்கினால், முன்கூட்டியே சொல்லியிருக்கிறீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

யாராவது வந்து "கார் திருடுபோனதாகப் புகார் கொடுங்கள், வண்டி தானாக வந்துவிடும்" என்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட படிவங்கள் எதிர்த்தரப்பிடம் இருக்கின்றன. பொய்ப் புகார் என்று உங்கள் மீதே வழக்குத் திரும்பும். முன்தேதியிட்டு ஸ்கிராப் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சாலையில் ஓடும் காருக்கு உடைத்ததாகச் சான்றிதழ் வாங்குவது மோசடி.

இனி ஷோரூம். அவர்களுடைய முதல் பதில் எனக்கு இப்போதே தெரியும்: "பழைய காரை நாங்கள் வாங்கவில்லை, வெளியாள் நேரடியாக வாங்கினார்." உங்கள் டெலிவரி நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஷோரூம் முத்திரை இருக்கிறதா, ஒரு தனிநபரின் பெயரும் செல் எண்ணும் மட்டும் இருக்கிறதா? தனிநபர்தான் என்றால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன்பு, எந்தச் சண்டையும் போடாமல், வருமான வரிக் கணக்குக்கு என்பது போன்ற பொய்க் காரணம் சொல்லாமல் உள்ளதைச் சொல்லியே, உங்கள் கணக்கின் லெட்ஜர் (வரவு செலவுப் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய காருக்கான 35,000 அதில் வரவு வைக்கப்பட்டிருந்தால் ஷோரூம் நழுவ முடியாது. நோட்டீஸ் போன பிறகு கேட்டால் அந்த நகல் எளிதில் கிடைக்காது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த செல்போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய அது தேவைப்படும்.

இன்னொன்றையும் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்று, படிவம் 29சி மூலம் வண்டியைத் தங்கள் பொறுப்பில் எடுக்கலாம் என்று விதி வந்திருக்கிறது. அப்படி முறைப்படி தெரிவித்து ஒப்புகை எண் உருவாகியிருந்தால், அன்றுமுதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் காகிதங்களில் அந்தப் படிவம் இருக்குமானால் மேலே நான் சொன்ன பயத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, இருந்தாலும் தேடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது. ஸ்கிராப் போனஸ் தருவதாக எழுதிக் கொடுத்து வண்டியை வாங்கி வெளியில் விற்றது நியாயமற்ற வணிகமுறை. 9 லட்ச ரூபாய்க் காருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், உங்கள் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் இப்போதே தாக்கல் செய்யாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. வழக்கு என்று ஆன அடுத்த நிமிடம் ஷோரூம் எல்லாவற்றையும் மறுக்கும். புரோக்கர் யார், கார் இப்போது யாரிடம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான், பெயர் மாற்றத்துக்கு அவர்கள் ஒத்துழைத்தாக வேண்டும். 74,000-க்காக ஆண்டுக்கணக்கில் நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கும் அத்தனை நாளும் அந்தக் கார் உங்கள் பெயரில் ஓடும்.

எனவே சமரசம் பேசுங்கள். ஒரே ஒரு நோட்டீஸ் போதும். கேட்க வேண்டியவை: முப்பது நாளில் பெயர் மாற்றம், ஒப்படைத்த நாளிலிருந்து பெயர் மாறும் நாள் வரை வரும் விபத்து இழப்பீடு, சலான், வழக்குச் செலவு அனைத்தையும் ஷோரூமே ஏற்கும் என்று முத்திரைத்தாளில் இண்டெம்னிட்டி பத்திரம், நீங்கள் கட்டிய இன்சூரன்ஸ் தொகை. அந்தப் பத்திரம் விபத்தில் பாதிக்கப்பட்டவரைக் கட்டுப்படுத்தாது, அவர் உங்களிடம் கேட்கத்தான் செய்வார். ஆனால் நீங்கள் கட்டியதை ஷோரூமிடம் திரும்பப் பெற அது வழி தரும். புரோக்கரின் கையெழுத்து மட்டும் உள்ள பத்திரம் வேண்டாம், ஷோரூம் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். சலுகைப் பணமாக 15,000 ரூபாய் அளவில் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தைச் செய்துவிட்டு ஒரு ரூபாய்கூடத் தர மறுத்தாலும் சம்மதியுங்கள். நியாயமில்லைதான். உங்களை ஏமாற்றியவர்கள் 74,000 ரூபாயை வைத்துக்கொள்வது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டைவிட அது பெரிதல்ல.

"எல்லாம் தீர்ந்தது" என்று ஷோரூம் ஒரு ரசீதை நீட்டும். பரிவாஹனில் புதிய பெயரை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அதில் கையெழுத்திடுங்கள். நுகர்வோர் புகாருக்கான இரண்டு ஆண்டுக் கெடு 2026 அக்டோபரில் முடிகிறது. "இதோ அடுத்த வாரம்" என்று இழுத்தடித்து அந்தத் தேதியைத் தாண்ட வைப்பதும் நடக்கும். ஆகஸ்ட் பிறந்தும் பெயர் மாறவில்லை என்றால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஷோரூமோடு அந்தப் புரோக்கரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.