தவறான விடைகள் எங்கே குவிகின்றன?

கேள்வி: கல்லூரியில் முதலாமாண்டு இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். மூன்று செமஸ்டராக மூடுலில் (கல்லூரிகள் இணையத்தில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மென்பொருள்) பாடக்குறிப்பும் குவிஸும் போட்டு வருகிறேன். யார் எதை எப்போது திறந்தார் என்று காட்டும் லாக் அறிக்கையைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள். இதை வைத்து நான் பாடம் நடத்தும் முறையைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் லாக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் குறிப்பை ஒரு மாணவர் டவுன்லோடு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மற்ற 59 பேரும் அங்கேயே படித்துவிடலாம். லாக்கில் அவர்கள் குறிப்பைத் திறக்கவே இல்லை. திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரோ திறந்தவர் கணக்கில் வருவார்.

குவிஸிலிருந்து தொடங்குங்கள். அதன் ரிசல்ட்ஸ் பகுதியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற அறிக்கை உண்டு. பல முறை எழுத அனுமதித்திருந்தால், முதல் முயற்சியை மட்டும் கணக்கில் எடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி முயற்சிக்குள் பலரும் விடையைப் பிடித்துவிடுவார்கள். வகுப்பு தடுமாறிய இடம் மறைந்துபோகும்.

அங்கே ஃபெசிலிட்டி இண்டெக்ஸ் என்பது ஒரு கேள்வியில் வகுப்பு சராசரியாக எத்தனை சதவீதம் எடுத்தது என்பது. டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ், மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதிலும் நன்றாகச் செய்தார்களா என்று காட்டும். அது மைனஸில் போனால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். தப்பான விடையைச் சரியென்று குறித்திருக்கலாம், கேள்வியே இரண்டு பொருள் தரலாம். 60 பேரில் இந்த எண் ஆடத்தான் செய்யும். சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் காரணம் தேட வேண்டாம்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்ற பட்டியல். 'மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். தவறியவர்கள் எல்லா விடைகளிலும் சிதறிக் கிடந்தால் அது ஊகம், பாடமே ஏறவில்லை. எல்லோரும் 'பூஜ்ஜியம்' என்பதில் குவிந்திருந்தால் அது நம்பிக்கை: திசைவேகம் பூஜ்ஜியம் என்றால் முடுக்கமும் பூஜ்ஜியம்தான் என்று நினைக்கிறார்கள். அதே விளக்கத்தை இன்னொரு முறை சொன்னால் அந்த நம்பிக்கை அசையாது.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவார்கள். பிறகு மறுபடி விடை சொல்வார்கள். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்ன கேள்விக்குத்தான் இந்த விவாதம் பலன் தரும் என்பது அவர் கணக்கு. அதற்குக் கீழே என்றால் மறுபடி நடத்த வேண்டும், மேலே என்றால் நகர்ந்துவிடலாம். முந்தின இரவு மூன்றே கேள்வியில் குவிஸ் வையுங்கள், காலையில் எண்ணைப் பாருங்கள். அன்றைய வகுப்பை எப்படி எடுப்பது என்பது தெரிந்துவிடும்.

யார் ஃபெயிலாவார் என்று கணிக்கும் ஆசையில் மட்டும் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் மாணவர்கள் தேறும் வாய்ப்பைக் கணித்து அவர்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறை இருந்த வகுப்புகளை அதிகம் எடுத்த மாணவர்கள் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்றார்கள். படிப்பைத் தொடர்ந்தவர்களுக்குத்தானே அதிக வகுப்புகள் எடுக்க வாய்ப்பு என்று 2013-இல் விமர்சகர்கள் கேட்டபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. உங்கள் வகுப்பில் ஒருவர் தொடர்ந்து இரண்டு குவிஸ் எழுதவில்லையா? கூப்பிட்டு நேரில் கேளுங்கள். மாலையில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம்.

இந்தக் குவிஸை எதற்குப் பார்க்கிறீர்கள் என்பதையும், இன்டர்னல் மார்க்கில் சேராது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மார்க் உண்டென்றால் விடைகள் அன்றிரவே குழுவில் சுற்றும். நீங்கள் பார்க்க வேண்டிய தவறுகள் உங்கள் கண்ணில் படவே படாது.