லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் ஏன் விடாமல் தொடர்கின்றன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. மேசை வேலைக்காரர்களிடம் பெரும்பாலும் எலும்பில் கோளாறு இருக்காது. ஒரே நிலையில் மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசைகள்தான் வலிக்கின்றன.

தலையின் எடை சுமார் 5 கிலோ. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. தலை முன்னே நீளும்போது பின்கழுத்துத் தசைகள் படும் பாடும் அதுதான்.

லேப்டாப்பின் வடிவமே சிக்கல். திரையை உயர்த்தினால் கைகள் தூக்கிக்கொள்ளும், தாழ்த்தினால் கழுத்து குனியும். எனவே விலை கூடிய நாற்காலி வாங்கும் முன் தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் வையுங்கள். (படிப்பதற்கான பகுதி கீழே இருக்கும் பைஃபோக்கல் கண்ணாடி என்றால் இன்னும் சற்றுத் தாழ்வாக, இல்லையேல் தாடையைத் தூக்கித் தூக்கியே கழுத்து வலிக்கும்.) முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும். கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு பலகை, இடுப்பு வளைவுக்குச் சுருட்டிய துண்டு.

இத்தனையும் செய்துவிட்டு நான்கு மணி நேரம் அசையாமல் இருந்தால் வீண். 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். போன் பேச்சை நடந்துகொண்டே பேசுங்கள்.

கை கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றே போக வேண்டும்.

ஸ்கேனில் 'தேய்மானம்' என்று வந்ததும் முதுகு கெட்டுவிட்டதென்று படுத்துக்கொள்பவர்கள் உண்டு. 40 வயது தாண்டிய, வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் அப்படித்தான் வரும், படுத்தே கிடந்தால் தசைதான் மேலும் தளரும்.